நாலாம் மாடியில் ஒரு சைக்கிள்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெயருக்குத்தான் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டியைக் கையால் தொட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அவள் நிற்பது, அறை நீளத்துக்குப் படுத்திருக்கும் சூடான உருளை இயந்திரத்தின் முன்னால். பிழிந்து வந்த ஈரப் போர்வையின் இரண்டு முனைகளை அவள் பிடிக்க, மறு முனைகளைத் துணைக்காரி பிடிக்க, இருவரும் ஒரே உதறாக உதறி உருளையின் வாயில் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று காய்ந்து, சுருக்கமில்லாமல் வழிந்து விழும். ஆளில்லை, ஒரு மாசம் வந்து நில்லு என்று பதினெட்டு வயதில் கூப்பிட்டார்கள். நின்றவள் நின்றவள்தான். கல்யாணம், பிரசவம், மகளின் படிப்பு, மகளின் கல்யாணம் எல்லாம் அந்த ஆவிக்கு நடுவிலேயே நடந்து முடிந்தன.

காய்ந்தால் காற்றில் பறக்கிற போர்வை, நனைந்தால் பிணக் கனம் கனக்கும். அதைத் தூக்கித் தூக்கியே அவளுடைய வலது தோள் தேய்ந்துபோனது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தோளால் இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று சொன்னார். இடது தோள் சும்மாதானே இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அவளுக்கு ஐம்பது நடக்கும்போது சலவைக்கூடத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நேரே பார்த்தால் கூப்பிடு தூரம். ஆனால் பஸ், ஊரையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பெரிய பாலம் வழியாகத்தான் போகும். இதில் வேடிக்கை, அவள் புருஷனே பஸ் டிரைவர். அவர் ஓட்டும் தடம் வேறு. டிரைவர் பெண்டாட்டி தினமும் வேறொரு டிரைவருக்காகக் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தாள்.

பழைய கூடத்தைக் காலி செய்தபோது கிடங்கின் மூலையில் ஒரு சைக்கிள் கிடைத்தது. ஒரு காலத்தில் மருந்துச்சீட்டு கொண்டுபோகிற ஆள் ஓட்டியது. கனத்த இரும்பு ஃபிரேம், செயினை மூடிய தகரம், ஆளையே உட்காரவைக்கலாம் போன்ற கேரியர், இரண்டு கால் ஊன்றிய ஸ்டாண்டு. பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். இஸ்திரி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்ன வயதில் பெரியப்பா மகனின் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டது நினைவுக்கு வந்தது. எனக்குக் கொடுங்க என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் எதற்குக் கேட்டோம் என்று யோசித்தாள்.

மருத்துவமனை முற்றத்தில் துணைக்காரி பின்னால் பிடித்துக்கொள்ள ஏறி உட்கார்ந்தாள். வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியை முத்தமிடப் பார்த்தது. பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. துணைக்காரி எப்போதோ கையை விட்டிருக்கிறாள், இவள் முற்றத்தை முழுச் சுற்று வந்துவிட்டாள். இறங்கத்தான் தெரியவில்லை. இன்னும் இரண்டு சுற்று வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து சின்னப் பாலம் வழியாகச் சைக்கிளில் வேலைக்குப் போனாள். பாலத்தின் நடுவிலிருந்து அந்தக் கரைக்கு இறக்கம். மிதிக்க வேண்டாம், காற்று காதை அடைக்கும், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாலும் அது பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். சலவைக்கூடத்துக்குள் நுழையும்போது இவள் முகத்தைப் பார்த்து, என்ன அக்கா, ஏதாவது விசேஷமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்றுமில்லை, பாலத்தில் வந்தேன் என்பாள்.

தொல்லையெல்லாம் வீட்டில்தான். வீடு நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே வாசலில் கட்டிவைத்த சைக்கிள்கள் அந்தக் கட்டடத்தில் நிலைத்ததே இல்லை. பூட்டு மட்டும் மிஞ்சும். ஆகவே மேலே தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. படிக்கட்டோ இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். டிரைவர் முன் சக்கரத்தைப் பிடிக்க, அவள் இடது கையால் கேரியரைத் தாங்க, ஒவ்வொரு திருப்பத்திலும் பெடல் அவர் முழங்கால் எலும்பைப் பதம் பார்க்கும்.

“இது சைக்கிள் இல்லை. எருமை,” என்றார் டிரைவர் முதல் நாளே, வீட்டு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு. “எருமையைக்கூடத் தட்டினா அதுவா ஏறிடும்.”

எருமை என்ற பெயர் நின்றுவிட்டது. திட்டிக்கொண்டே தூக்குவார். ஆனால் ஒரு நாளும் தூக்கமாட்டேன் என்று சொன்னதில்லை. அவருக்கு விடியற்காலைப் பணி வரும் வாரங்களில்தான் வம்பு. இருட்டோடு கிளம்பிவிடுவார். எருமை மாடியில், இவளும் மாடியில், வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டாம் மாடியில் ஒரு முடி திருத்துகிறவர் இருந்தார். நல்ல மனுஷர், இரண்டு தரம் வந்து கைகொடுத்தார். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவு திறப்பதே இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட வாரங்களில் அவள் பழையபடி பஸ்ஸுக்கு நிற்பாள். தூரத்தில் சின்னப் பாலத்தில் போகும் சைக்கிள்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் பைத்தியம் என்பது தெரியவந்தது.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. மாப்பிள்ளை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார், மாமியாரை அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் சைக்கிள் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. அதிலும் எடை. அவரிடம் மீன் மார்க்கெட்டில் இருப்பதுபோல் ஒரு கொக்கித் தராசு இருந்தது. ஃபிரேமை மாட்டி நிறுப்பார், சீட்டை மாட்டி நிறுப்பார், பெடலை நிறுப்பார். இரும்பு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு எடை குறைந்த ஸ்க்ரூ போடுவார். ஹேண்டில்பாரின் நுனியை ரம்பத்தால் அறுத்து, அறுத்த துண்டை நிறுத்து மகிழ்வார். தண்ணீர் பாட்டிலில் பாதிதான் ஊற்றுவார். இந்த வீட்டில் முடி வெட்டிக்கொண்டு வந்தால்கூட எத்தனை கிராம் மிச்சம் என்றுதான் பேச்சு என்று மகள் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குத் தம் சைக்கிளிலேயே வந்தார். அதைக் கீழே விடாமல், கைப்பையைத் தூக்குவதுபோல் மேலே கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். பக்கத்தில் எருமை நின்றது. எருமையைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. பையிலிருந்து தராசை எடுத்தார். மாமனாரும் மருமகனுமாகச் சேர்ந்து தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது.

“அத்தை, இதை நீங்க ஓட்டறீங்களா, இழுக்கறீங்களா?” என்றார் மாப்பிள்ளை. கேலியாகச் சொல்லவில்லை. நிஜமான கவலை.

இஸ்திரி அக்காவுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையிடம் என்ன சொல்ல முடியும்? நல்லாத்தான் ஓடுது என்று முணுமுணுத்தாள். டிரைவர், உங்க வண்டி எவ்வளவு என்று கேட்டார். ஏழரை என்றார் மாப்பிள்ளை பெருமையோடு.

“ஏழரையா? அதை வேற கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்களே.”

மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. பிடித்தால் உடும்புப்பிடி. அத்தை இத்தனை நாளும் சுமந்தது போதும், எடை குறைந்த வண்டியில் ஒரு தரம் ஏறிப் பாருங்கள், அப்புறம் நீங்களே சொல்வீர்கள், ராக்கெட் மாதிரி போகலாம் என்றார். அடுத்த ஞாயிறு தம் நண்பர்கள் கூட்டம் நீர்த்தேக்க மேட்டுக்குப் போகிறது, அத்தையும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் எங்கே அங்கே, எல்லாம் சின்னப் பிள்ளைகள் என்று அவள் பின்வாங்கினாள். போயேன் என்று டிரைவர்தான் தள்ளிவிட்டார். எருமைக்கும் மலை பார்த்த மாதிரி இருக்கும் என்றார்.

ஞாயிறு காலை, வாய்க்கால் கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். எல்லாம் பளபளக்கும் வண்டிகள், விரலால் தள்ளினால் ஓடிவிடும்போல் இருந்தன. நடுவே எருமையோடு, சலவைக்கூடத்தில் போய் மாற்றிக்கொள்ளும் கால்சட்டையும் மேலே நீளச் சட்டையுமாக இஸ்திரி அக்கா. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுவே இன்னும் கூச்சமாக இருந்தது.

புறப்பட்டார்கள். வாய்க்கால் கரைச் சாலை கோடு போட்ட மாதிரி நேர், மேடு பள்ளம் கிடையாது. முதலில் அவள் பின்தங்கினாள். எருமை நகர்வதற்கு நேரம் எடுக்கும். நகர்ந்துவிட்டால் அதற்கு நிற்பதுதான் பிடிக்காது. கால் சூடேற ஏற, முன்னால் போனவர்களின் முதுகு ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தது. தினமும் ஆறு தாண்டிப் போய்வந்த கால். ஒருவரைத் தாண்டினாள். இன்னொருவரை, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்துக் கண்ணை நம்பாமல் மறுபடியும் பார்த்தார். கரை முடியும் வரை இருவரும் ஜோடியாகவே போனார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு அடக்கிக்கொண்டாள்.

மேடு வந்தது, சிரிப்பு நின்றது. மற்றவர்கள் கியரை மாற்றிக்கொண்டு டிக் டிக்கென்று ஏறிப் போனார்கள். எருமைக்கு ஏது கியர்? எழுந்து நின்று மிதித்தாள். முழு உடம்பையும் பெடலில் போட்டாள். பாதி மேட்டில் சக்கரம், இதற்கு மேல் உன் பாடு என்று நின்றேவிட்டது.

மாப்பிள்ளை மேலிருந்து இறங்கி வந்தார். மூச்சு விடுங்கள் அத்தை என்றார். பிறகு தம் வண்டியின் சீட்டைச் சாவி போட்டு இறக்கி, அவளிடம் நீட்டினார். எருமையைத் தாம் வாங்கிக்கொண்டார்.

ஏறி ஒரு மிதி மிதித்ததும் அவள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தாள். வண்டி முன்னால் துள்ளியது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. சின்னக் கியர் வேறு, மிதிக்க மிதிக்க வெண்ணெயாகச் சுற்றியது. அடேயப்பா என்று தன்னையறியாமல் சொன்னாள். ஒரு வளைவு தாண்டினாள், இன்னொரு வளைவு. அதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. காலில் அதே வலி, தொண்டையில் அதே வறட்சி. மேடு மேடாகவேதான் இருந்தது. சீட்டோ கல்லில் உட்கார்ந்த மாதிரி. எப்படியோ இறங்காமல் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அதுவே உலகத்தை வென்ற மாதிரி இருந்தது.

வண்டியைச் சாய்த்துவிட்டுத் திரும்பினால், எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையும் எழுந்து நின்று மிதித்து வந்துகொண்டிருந்தார். வியர்வையில் குளித்திருந்தார். ஆனால் வந்துவிட்டார். அவளுக்கு அப்புறம் வெகு நேரம் கழித்து வரவில்லை, அவள் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரந்தான்.

மகள் ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டாள்.

“வண்டி நல்லா இளைச்சிருக்கு. எனக்குந்தான் இளைக்குது,” என்றாள் இஸ்திரி அக்கா, மார்பில் கைவைத்துக்கொண்டு.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நீர்த்தேக்கச் சுவரில் உட்கார்ந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்குப் பார்க்கிறவர், உடம்பில் ஊறிய பழக்கம். பிறகு மெதுவாகச் சொன்னார். தாமும் வண்டியும் தண்ணீரும் பையும் சேர்த்தால் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. அதில் ஸ்க்ரூவை மாற்றி மிச்சம் பிடித்தது பத்து கிராமோ இருபது கிராமோ. இவ்வளவு பெரிய எருமையை ஓட்டிக்கொண்டு வந்தும் உச்சிக்கு இவ்வளவுதான் தாமதம் என்றால், அந்த ஸ்க்ரூக்கள் என்னத்தைச் செய்திருக்கும்?

“நீங்க நிறுக்காதது ஒண்ணு பாக்கி இருக்கு,” என்று மகள் அவர் வயிற்றைப் பார்த்தாள்.

சும்மா இருடி என்று அம்மா அதட்டினாள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வேண்டாதவர் முகமாக இருந்தால் கொஞ்சம் ரசித்திருப்பாள். உங்க வண்டி இல்லைன்னா நான் பாதியிலேயே உக்காந்திருப்பேன் மாப்பிள்ளை என்றாள். அது கியர் அத்தை, எடை இல்லை என்றார் அவர், உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர்.

திரும்பும்போது மேடெல்லாம் இறக்கம், எல்லாருக்கும் ஒரே வேகம். மகள் ஸ்கூட்டரில் முன்னே போய் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். மாமியாரும் மாப்பிள்ளையும் கட்டட வாசலுக்கு வந்து இறங்கினார்கள். டிரைவர் பணி முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. நான் சோடா வாங்கிட்டு வந்துடறேன், அப்புறம் ரெண்டு பேருமா எருமையை ஏத்திடலாம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை தெருமுனைக் கடைக்குப் போனார்.

அவள் வாசலில் காத்திருந்தாள். மாப்பிள்ளையின் வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. விலை உயர்ந்த பொருள், திருட்டுக்குப் பெயர்போன வாசல். இதையாவது மேலே வைத்துவிட்டு வருவோம், எருமையை எவன் தூக்கப் போகிறான் என்று நினைத்தாள். ஃபிரேமின் அடியில் இடது தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். படி ஏறினாள். முதல் திருப்பத்தில் பெடல் எங்கேயும் இடிக்கவில்லை. முடி திருத்துகிறவர் வீட்டுக் கதவு கடந்துபோனது. சமையல் வாசனை வந்தது. யார் வீட்டில் என்று யோசித்தாள். பார்த்தால் அவள் வீட்டு வாசல்.

கதவைத் திறந்த மகள், “அவர் எங்கம்மா?” என்றாள்.

“கீழே.”

“அப்போ இதை யார் தூக்கிட்டு வந்தா?”

இஸ்திரி அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சு, மேட்டில் அடித்ததைவிட வேகமாக அடித்தது. டிரைவர் இல்லை. முடி திருத்துகிறவர் இல்லை. ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஒரு சைக்கிள் நாலாம் மாடிக்கு வந்திருக்கிறது.

“இருடி. இன்னொரு தரம் பாக்கறேன்,” என்று அதை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். மகள் கரண்டியும் கையுமாகக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது தெருவில் கூச்சல் கேட்டது. அங்கிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு கையிலும் சோடா பாட்டிலோடு மாப்பிள்ளை தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். பார்த்தீங்களா, கறுப்பு வண்டி, பார்த்தீங்களா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே. எருமை மட்டும் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். திருடன் விவரமானவன், லேசானதைக் கொண்டுபோய்க் கனமானதை விட்டுவிட்டான் என்று நினைத்துவிட்டார். பாவம். அதற்குள் பணி முடிந்து தெருமுனையில் இறங்கிய டிரைவர், மாப்பிள்ளை ஓடுவதைப் பார்த்தார். எதற்கு என்று தெரியாமலே காக்கிச் சட்டையோடு அவரும் பின்னால் ஓடினார்.

“மாப்பிள்ளை, வண்டி இங்கே இருக்கு,” என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னலில் அவள் முகமும், பக்கத்தில் ஒரு சக்கரமும் தெரிந்தன.

“யார் தூக்கிட்டு வந்தா?” என்று டிரைவர் கீழிருந்து கத்தினார்.

“நான்தாங்க. நான் மட்டும்.”

சாப்பிடும்போது வேறு பேச்சே இல்லை. மாப்பிள்ளை எத்தனை தரம் சொல்லச் சொன்னார், அவளும் அத்தனை தரம் சொன்னாள். எந்தத் திருப்பம், எந்தத் தோள், எங்கே மூச்சு வாங்கியது. பிறகு அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொன்னாள்.

“எனக்கு வேகமெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை. ராக்கெட்டும் வேண்டாம். நானே எறக்கணும், நானே ஏத்தணும். யாரையும் எதிர்பார்க்காம. அதுக்கு ஒரு வண்டி இருக்குமா?”

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். மலை உச்சியில் தொங்கிப்போன முகத்தில் மீண்டும் விளக்கு எரிந்தது. கையில் ஒட்டிய சோற்றைக்கூடக் கழுவாமல் ஃபிரேம் வகைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அடுத்த சில வாரங்கள் வீடு வீடாக இல்லை. யாரோ ஓட்டிக் கைவிட்ட அலுமினிய ஃபிரேம் ஒன்றை மாப்பிள்ளை தேடிப் பிடித்துக்கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் சக்கரம், செயின், பிரேக் என்று பரப்பினார். ஒவ்வொரு பாகத்துக்கும் மாமியாருக்கும் மருமகனுக்கும் வழக்கு நடந்தது. மட்கார்டு வேண்டாம் என்றார் அவர். மழையில் முதுகெல்லாம் சேறு தெளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போகவா என்றாள் இவள். ஸ்டாண்டு அநாவசியக் கனம் என்றார். அப்போ நான் ஒரு கையில வண்டியையும் ஒரு கையில வேலையையும் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா என்றாள். கேரியரில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சோற்றுப் பையும் மாற்றுத் துணியும் வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன கேரியர் என்று சமாதானம் ஆயிற்று. மெத்தென்ற சீட்டுக்கு அவர் வாயே திறக்கவில்லை. தம்முடைய கல் சீட்டு அவருக்கும் பிடிக்காதோ என்னவோ.

ஒவ்வொன்று மாட்டியதும் அவர் கொக்கித் தராசை எடுப்பார். அதைத் தள்ளிவைச்சுட்டு வழிவிடுங்க என்று அவள் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போய் மேலே வருவாள். கெட்டிப் பூட்டு ஒன்று மாட்டிய அன்று ஏறிவந்து, வேண்டாம், இது தோளை அழுத்துது என்றாள். மறுபேச்சில்லாமல் கழற்றினார். அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக, கிராம் என்பது ஒரு மனுஷியின் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே மிச்ச வேலையை முடித்தார். முடிந்தபோது எருமையில் பாதிக்கு வந்து நின்றது. பாதிக்கு மேலேயா கீழேயா என்று அவள் கேட்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது டிரைவர் ஜன்னலோரம் செய்தித்தாளைப் பிரித்துவைத்திருப்பார். கேலி குறைந்துபோனது. வண்டி தயாரான அன்று, அவள் ஏறிவருவதை மேல் படியில் நின்று பார்த்தார். உதவிக்குக் கை தானாக நீண்டது, பிறகு பின்னால் போய்விட்டது.

“இனிமே என் தோளுக்கு வேலை இல்லை,” என்றார்.

அவள் வண்டியை இறக்கிவைத்தாள். இந்த மனுஷன் இத்தனை நாள் திட்டிக்கொண்டே தூக்கியதில் என்ன இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எருமை இருக்கே, அதை யார் எறக்கறது என்றாள். அவரைச் சிரிக்கவைக்க அது போதுமாக இருந்தது. எருமையை இருவருமாகக் கடைசி முறை இறக்கி, அதே தெருவில் இருந்த பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். அவருடைய கடை தரைமட்டத்தில். அண்டா குண்டான்களை அடுக்கிக்கொண்டுபோக அந்தக் கேரியர்தான் சரி என்று அவர் அன்றே சவாரி கிளம்பிவிட்டார்.

அடுத்து டிரைவருக்கு விடியற்காலைப் பணி வந்த வாரம், அவள் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தானே இறங்கினாள். இரண்டாம் மாடிக் கதவு தற்செயலாகத் திறந்தது. முடி திருத்துகிறவர் எதிரே வந்தார். அவளையும் வண்டியையும் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, ஒரு தளபதிக்கு வைப்பதுபோல் சலாம் வைத்தார். அவள் பாலத்தின் உச்சி வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். உச்சியில் பெடலை விட்டுக் காலை நீட்டினாள். இறக்கத்தில் எருமையின் வேகம் இதற்கு இல்லைதான். கனம் இருந்தால் இறக்கத்தில் ஒரு தனி வேகம் உண்டு. அதற்காக ஒரு கணம் ஏங்கினாள், ஒரு கணந்தான்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள். மழை பெய்து ஓய்ந்த பிற்பகல். துணியெல்லாம் மடித்தாயிற்று, சமையல் ஆயிற்று. இதற்கு முன்னால் இப்படி ஒரு பொழுது கிடைத்தால் படுத்துத் தூங்குவாள், அல்லது ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் வருகிறாரா என்று பார்ப்பாள். அன்று கண் சுவரில் சாய்ந்திருந்த வண்டியின்மேல் போனது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டினாள்.

ஆற்றுப் பக்கம் போகவில்லை. இதுவரை திரும்பாத பக்கமாகத் திரும்பினாள். மரவாடிகள் வரிசையாக வந்தன, ஈர மரத்தூள் மணத்தது. பிறகு வீடுகள் குறைந்தன, ஒரு ரயில் பாதை வந்தது, ரயில் போகும் வரை நின்று பார்த்தாள். பாதையைத் தாண்டிச் சாலை இரண்டாகப் பிரிந்தது. எது எங்கே போகும் என்று எழுதிவைக்கவில்லை. தார் புதிதாகத் தெரிந்த சாலையில் போனாள்.

கைபேசி அடித்தது. டிரைவர். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளும் இல்லை, வண்டியும் இல்லை.

“எங்கே இருக்கே?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, நாலு கான்கிரீட் காலில் வானத்தில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வயலா ஏரியா என்று தெரியாமல் ஏதோ மினுமினுத்தது.

“தெரியலைங்க.”

“தெரியலையா? என்ன விளையாடறியா? வரட்டுமா நான்?”

“வேண்டாங்க. சாப்பிடுங்க, எல்லாம் மூடி வெச்சிருக்கேன். அங்கே என்னமோ மினுக்குது, அது என்னன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு காலைப் பெடலில் வைத்து உந்தினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அவள்மேல் விழுந்து கடந்துபோனது. அது ஏரிதான். சாலை ஏறி அதன் கரையிலேயே ஓடியது.